வீடு மனசுக்குப் பிடித்துப்போகும் முன்னால்: வாங்குபவர்கள் சறுக்கும் இடங்களும் தப்பிக்கும் வழிகளும்

நாங்கள் முதல் வீட்டைப் பார்க்கப் போனபோது படுக்கையறையின் ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயிண்ட் வாசனை வந்தது. மற்ற மூன்று சுவர்களும் பழசு. "நீங்கள் வருகிறீர்கள் என்றுதான் அடித்து வைத்தேன்" என்றார் விற்றவர், நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஏன் ஒரு சுவருக்கு மட்டும் என்று கேட்கத் தோன்றவே இல்லை, ஏனென்றால் அதற்குள் ஜன்னல் வழியாக விழுந்த வெளிச்சத்தில் மயங்கி, மேசையை எந்த மூலையில் போடலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டோம். குடிபோன மூன்றாவது மாதம் அந்தச் சுவரில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. நகத்தால் தொட்டால் உடைந்து, உள்ளே வெள்ளை உப்புப் பொடி. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. தரைக்கு அடியில் பைப் வெகுநாளாகக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. டைல்ஸை உடைத்து, பைப்பை மாற்றி, சுவரைச் செங்கல் தெரியும் வரை சுரண்டிப் பூசி முடிப்பதற்குள் கையில் வைத்திருந்த சேமிப்பு கரைந்துவிட்டது.

அதன் பிறகு நண்பர்கள், சொந்தக்காரர்கள் என்று பலருடன் வீடு பார்க்கப் போயிருக்கிறேன். யாரும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் எல்லோரும் அநேகமாக ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: முதலில் வீடு பிடித்துப்போகிறது, அதற்கப்புறம் கணக்குப் பார்க்கிறோம், பத்திரம் பார்க்கிறோம், சுவர் பார்க்கிறோம். பிடித்த பிறகு பார்க்கிற கண்ணுக்குக் குறை தெரியாது, தெரிந்தாலும் "பரவாயில்லை, பிறகு சரி பண்ணிக்கொள்ளலாம்" என்று மனசே சமாதானம் சொல்லிவிடும். அதனால் இங்கே எல்லாவற்றையும் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். தயவுசெய்து அந்த வரிசையை மாற்றாதீர்கள். சட்டமும் அலுவலகங்களின் பெயரும் நாட்டுக்கு நாடு வேறு. நான் சொல்வது எங்கே வாங்கினாலும் பொருந்துகிறவை.

முதலில் கணக்கு, ஒரு வீட்டைக்கூடப் பார்ப்பதற்கு முன்

வங்கி எவ்வளவு கடன் தரும் என்பதை வைத்து பட்ஜெட் போடுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்கிற முதல் தவறு. வங்கி பார்ப்பது உங்கள் சம்பளத்தையும் ஏற்கெனவே இருக்கும் கடன்களையும். அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணம், பிள்ளையின் படிப்பு, இரண்டு வருடத்தில் ஒருவர் வேலையை விடலாம் என்ற யோசனை, இதெல்லாம் அந்தப் படிவத்தில் ஒரு கட்டத்திலும் வராது. வங்கி சொல்வது உச்சவரம்பு, அவ்வளவுதான். உங்கள் எல்லையை நீங்கள்தான் போட வேண்டும்.

அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒத்திகை பார்ப்பது. நீங்கள் கட்ட நினைக்கும் மாதத் தவணையிலிருந்து இப்போது கொடுக்கும் வாடகையைக் கழியுங்கள். மீதித் தொகையை ஆறு மாதம், சம்பளம் வந்த அன்றே, தனிக் கணக்கில் போட்டுவிட்டு அதைத் தொடாமல் இருந்து பாருங்கள். நான்காவது மாதம் கை வைக்க வேண்டி வந்தால் அந்தத் தவணை உங்களுக்குப் பெரியது. தாண்டிவிட்டால் தைரியமும் வரும், முன்பணத்துக்குக் கொஞ்சம் சேர்ந்தும் இருக்கும்.

வட்டி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கடன் வாங்கும் முன்பு ஒரு தடவை கையால் எழுதிப் பார்ப்பது நல்லது. எந்த நாணயமாகவும் இருக்கட்டும், ஒரு லட்சம் கடன், 20 வருடம், ஆண்டு வட்டி 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 836. முதல் மாதம் அதில் 667 வட்டிக்குப் போகிறது, அசலில் குறைவது 170கூட இல்லை. இருபது வருடத்தில் மொத்தமாகக் கட்டுவது இரண்டு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். தவணை குறையட்டும் என்று 30 வருடமாக நீட்டினால் மாதம் 734 ஆகிறது, கட்டும் மொத்தமோ 2 லட்சத்து 64 ஆயிரம். மாதம் நூறு குறைக்கக் கொடுக்கும் விலை அது.

இதைவிட முக்கியமானது மாறும் வட்டி. அதே ஒரு லட்சத்துக்கு வட்டி 8லிருந்து 10 ஆகிறது என்று வையுங்கள். 20 வருடத்திலேயே முடிக்க வேண்டும் என்றால் தவணை 836லிருந்து 965 ஆக வேண்டும். "தவணையை ஏற்ற வேண்டாம், காலத்தை நீட்டிக்கொள்கிறேன்" என்று நீங்கள் அதே 836ஐக் கட்டினால், வட்டி மட்டுமே மாதம் 833, அசலுக்குப் போவது வெறும் 3. அந்தக் கடன் முடிய 56 வருடத்துக்கு மேல் ஆகும். இது மிகைப்படுத்திச் சொல்வது இல்லை, கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். வட்டி ஏறியபோது காலம் தானாக நீண்டுபோனதைக் கவனிக்காமலே வருடக்கணக்காகக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். ஆகவே கையெழுத்துப் போடும் முன்பு மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: வட்டி எதை வைத்து மாறும், எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மாறும், மாறினால் ஏறுவது தவணையா காலமா. முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா என்பதும் அதோடு சேர்ந்தது. தவணையைவிட மாதம் 10 சதவீதம் கூடுதலாகக் கட்ட முடிந்தால், 8 சதவீத வட்டியில் அந்த 20 வருடக் கடன் சுமார் 16 வருடத்தில் முடிந்துவிடும்.

வீட்டு விலை தவிரப் போகும் பணத்தைத் தனித் தாளில் எழுதுங்கள். பதிவுக் கட்டணமும் வரியும், வக்கீல், கட்டடத்தைப் பரிசோதிப்பவர், தரகர் கூலி, வங்கியின் செயலாக்கக் கட்டணம், காப்பீடு, சாமான் மாற்றுவது, மின்சாரம் தண்ணீர் இணைப்பைப் பெயர் மாற்றுவது, அப்புறம் குடிபோன முதல் வருடத்தில் வந்தே தீரும் பழுதுகள். அடுக்குமாடி என்றால் மாதாமாதம் பராமரிப்புத் தொகை. இவ்வளவும் போக, ஆறு மாதக் குடும்பச் செலவும் தவணையும் கையில் மிஞ்ச வேண்டும். சேமிப்பு முழுவதையும் முன்பணத்தில் போட்டுவிட்டுக் கைக்காசு இல்லாமல் சாவி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும், பழுது பார்த்து முடித்தபோது நானே கைக்காசு இல்லாமல் நின்றேன் என்பதால்.

பிறகு, ஒரு தாளில் என்ன வேண்டும் என்பது

இது அரை மணி நேர வேலைதான். குடும்பத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக, "இது இல்லாவிட்டால் வேண்டாம்" என்று மூன்று விஷயங்கள் எழுதட்டும். பிறகு ஒன்றாக வைத்துப் பாருங்கள். கணவனும் மனைவியும் வேறு வேறு வீட்டைத் தேடிக்கொண்டிருந்தது அந்த மேசையில்தான் தெரியவரும், வீட்டுக்காரர் முன்னால் தெரியவருவதைவிட அது நல்லது. மாற்றவே முடியாதவற்றை (இடம், திசை, சாலையின் அகலம், மேல்வீட்டுச் சத்தம், தரைமட்டம்) ஒரு பக்கமும், காசு போட்டால் மாறுகிறவற்றை (டைல்ஸ், பெயிண்ட், சமையலறை அலமாரி) மறுபக்கமும் பிரியுங்கள். பார்க்கப் போகும்போது கண்ணை இழுப்பது எல்லாம் இரண்டாவது பக்கத்தில் இருப்பவை.

வீட்டைப் போய்ப் பார்க்கும்போது

சொன்ன விலையைக் கேட்டுவிட்டுப் போனால் அந்த எண் தலைக்குள் உட்கார்ந்துகொள்ளும். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1987இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நார்த்கிராஃப்ட், நீல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் டூசான் நகரத்தில் ஒரே வீட்டை வீட்டுத் தரகர்களுக்கும் மாணவர்களுக்கும் சுற்றிக் காட்டி, எல்லா விவரமும் ஒன்றாகவே கொடுத்து, விற்பவர் கேட்கும் விலையை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றிச் சொன்னார்கள். கேட்ட விலை அதிகமாக இருந்தவர்கள் வீட்டின் மதிப்பையும் அதிகமாகப் போட்டார்கள். இதே தொழிலில் இருந்த தரகர்களும் அப்படியே, ஆனால் அந்த விலையை வைத்துத்தான் மதிப்பிட்டோம் என்று அவர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவில்லை. தொழில்காரர்களுக்கே இந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம். ஆகவே போவதற்கு முன்பே அதே பகுதியில் சமீபத்தில் உண்மையில் விற்ற விலைகளைத் தேடி எழுதி வையுங்கள். விளம்பரத்தில் இருப்பது கேட்கிற விலை. பதிவில் இருப்பது, அக்கம்பக்கத்தில் வாங்கியவர்கள் சொல்வது, வங்கியின் மதிப்பீட்டாளர் சொல்வது, இவைதான் உபயோகம்.

ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். குறைந்தது மூன்று தடவை, மூன்று வேளையில் போங்கள். வேலைநாளின் காலை நேரத்தில் ஒரு தடவை: வண்டி நெரிசல், பள்ளி வாகனங்கள், வேலைக்குப் போக உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது. இரவு பத்து மணிக்கு ஒரு தடவை: தெருவிளக்கு எரிகிறதா, பக்கத்துக் கட்டடத்தின் ஜெனரேட்டரோ கடையோ சத்தம் போடுகிறதா, வண்டியை எங்கே நிறுத்துகிறார்கள். நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு தடவை. மழைக்கு மறுநாள் சொல்கிற உண்மையை எந்தப் பத்திரமும் சொல்லாது. தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, வாசல் சாலையைவிடத் தாழ்ந்திருக்கிறதா, எதிர்வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

அக்கம்பக்கத்தாரிடம் பேசுங்கள், ஆனால் "இந்த ஏரியா எப்படி" என்று கேட்காதீர்கள். எல்லோரும் நல்லா இருக்கும் என்றுதான் சொல்வார்கள். "போன மழைக்குத் தண்ணீர் எது வரைக்கும் வந்தது", "தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்", "இந்த வீட்டில் கடைசியாக இருந்தவர்கள் எவ்வளவு நாள் இருந்தார்கள்" என்று கேளுங்கள். அளவும் நேரமும் கேட்டால் பதில் உண்மையாக வரும்.

கையில் ஒரு அளவு நாடாவும் இருக்கட்டும். 10 அடிக்கு 12 அடி என்று சொல்கிற அறை உள்ளளவில் ஒன்பதரைக்குப் பதினொன்றரையாக இருந்தால், 120 சதுர அடி 109 ஆகிவிடும். சுவரின் கனம், படிக்கட்டு, பொது நடைபாதை எல்லாம் சேர்த்துப் பரப்பளவு சொல்வது பல இடங்களில் வழக்கம். நீங்கள் காலை நீட்டிப் படுக்கக்கூடிய இடம் எவ்வளவு என்பதைத் தனியாகக் கேட்டு, இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது அந்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

சுவரும் தரையும் சொல்லும் கதை

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

ஈரத்திலிருந்து தொடங்குங்கள். மூன்று வகை ஈரத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். தரையிலிருந்து மேலே ஏறும் ஈரம் பொதுவாக ஒரு மீட்டர் உயரம் வரைதான் ஏறும். அது நின்ற இடத்தில் அலை போல ஒரு கோடு, அதன் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். பைப்பிலிருந்தோ கூரையிலிருந்தோ கசிகிற ஈரம் திட்டுத்திட்டாக, ஒரு இடத்தில் மையம் கொண்டு, சுற்றிலும் பழுப்பு விளிம்போடு இருக்கும். சுவருக்கு மறுபக்கமோ மேல்தளத்திலோ என்ன இருக்கிறது என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். மூன்றாவது, காற்றோட்டம் இல்லாமல் அறைக் காற்றின் ஈரமே குளிர்ந்த சுவரில் படிந்து வருவது. அறை மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் கறுப்புப் பூஞ்சையாகத் தெரியும். மூன்றில் இதைச் சரிசெய்வது சுலபம். முதலிரண்டும் செலவு. புதிதாகப் பூசிய ஒற்றைச் சுவர், ஒரு மூலையில் மட்டும் மாட்டிய பெரிய படம், நகர்த்த முடியாத இடத்தில் நிற்கும் அலமாரி, இவற்றைப் பார்த்தால் கையை வைத்துத் தொடுங்கள். ஈரச் சுவர் பக்கத்துச் சுவரைவிடச் சில்லென்று இருக்கும். அந்த ஒரு சுவரை நான் தொட்டிருந்தால் போதும்.

விரிசல் எல்லாமே ஆபத்து இல்லை. பூச்சில் முடி போல ஓடும் விரிசல் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் உண்டு, ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெயிண்ட் அடிக்கும்போது சரியாகிவிடும். கவலைப்பட வேண்டியது ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல், செங்கல் வரிசையில் படிக்கட்டு போல ஏறும் விரிசல், ஒரு முனையில் மெலிந்து மறுமுனையில் அகன்றிருக்கும் விரிசல். கட்டடத்தின் ஒரு பகுதி மற்றதைவிட அதிகமாக இறங்கியிருக்கலாம். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கட்டட எஞ்சினியர் பார்க்காமல் மேலே பேசாதீர்கள். அடைத்து, மறுபடி திறந்திருக்கும் விரிசல் என்றால் அசைவு இன்னும் நிற்கவில்லை என்று பொருள். எல்லாக் கதவையும் ஜன்னலையும் ஒரு தடவை திறந்து மூடுங்கள், நிலையில் உரசுகிறதா என்று தெரியும். தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள், அது எல்லா அறையிலும் ஒரே திசைக்கு ஓடினால் கேள்வி கேளுங்கள்.

கான்கிரீட் கூரையின் அடிப்பக்கம், பால்கனி, மாடிப்படியின் அடி ஆகிய இடங்களில் துருக்கறை ஓடியிருக்கிறதா, சில்லு பெயர்ந்து கம்பி தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு பருக்கும், பருத்துச் சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே உடைக்கும். மேலே பூசி மறைத்திருந்தாலும் நாணயத்தால் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும்.

தண்ணீருக்கு ஒரு சோதனை உண்டு, இரண்டே நிமிடம். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சுற்றினால் எங்கோ கசிகிறது. பிறகு மாடிக் குளியலறைக் குழாய், சமையலறைக் குழாய், ஷவர் மூன்றையும் ஒன்றாகத் திறந்து வையுங்கள், அழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று தெரியும். கழிவறையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, தொலைவில் உள்ள சாக்கடைக் குழியின் மூடியைத் திறந்து அது எவ்வளவு வேகமாக வருகிறது என்று பாருங்கள். வடிகால் கோளாறு தரையை உடைக்காமல் தீராது.

மின்சாரத்தில், மின்கசிவு வந்தால் தானாக அணையும் பாதுகாப்பு ஸ்விட்ச் பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். மனிதரைக் காப்பாற்றப் பொருத்துவது 30 மில்லியாம்பியர் என்று அச்சிட்டிருக்கும்; அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும். எர்த் இணைப்பு இல்லாத பழைய வயரிங் என்றால் முழுவதும் மாற்றுகிற செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பழைய கட்டடத்தில் ஈயம் கலந்த பெயிண்ட், ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கக்கூடும், அவற்றை நீங்களாகச் சுரண்டவோ உடைக்கவோ கூடாது, ஆள் வைத்துத்தான் அகற்ற வேண்டும்.

இவ்வளவு நீங்களே பார்த்த பிறகும் தனியாக ஒரு எஞ்சினியரையோ பரிசோதகரையோ அழைத்துப் போங்கள். அவரை நீங்கள் தேட வேண்டும், உங்கள் காசில் வர வேண்டும், விற்பவரோ தரகரோ சொன்ன ஆளாக இருக்கக் கூடாது. வங்கியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தாரே என்று விட்டுவிடாதீர்கள். அவர் பார்ப்பது இந்த வீட்டை விற்றால் கடன் வசூலாகுமா என்பதை, கூரை ஒழுகுமா என்பதை இல்லை. பரிசோதகர் சுற்றும்போது கூடவே நடங்கள். அறிக்கையில் ஒரு வரியாக வருவதை நேரில் அவர் ஐந்து நிமிடம் விளக்குவார்.

காகிதங்கள்

விற்பவர் நல்லவராக இருக்கலாம், நெடுநாள் பழக்கமாகவும் இருக்கலாம். ஆனாலும் பத்திரம் பேச வேண்டும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உலகத்தில் நிலப் பதிவு இரண்டு விதம். ஒன்றில் அரசாங்கமே "இந்த நிலத்துக்கு இவர்தான் உரிமையாளர்" என்று பதிவேட்டில் எழுதி அதற்குப் பொறுப்பேற்கிறது. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறை இது. மற்றதில், இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் இது என்பதை மட்டுமே பதிவு செய்கிறார்கள். எழுதிக் கொடுத்தவருக்கு உரிமை இருந்ததா என்பதற்கு யாரும் உத்தரவாதம் இல்லை. உங்கள் இடத்தில் இரண்டாவது முறை என்றால், "பதிவாகியிருக்கிறதே" என்ற ஒரு வார்த்தையில் நிம்மதி அடையக் கூடாது. முந்தைய பத்திரங்களைச் சங்கிலி போலப் பின்னோக்கித் தொடர வேண்டும். யாரிடமிருந்து இவருக்கு வந்தது, அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று, நடுவில் ஒரு கண்ணிகூட விடுபடாமல். ஜெராக்ஸை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூலம் எங்கே என்று கேளுங்கள். "வங்கியில் இருக்கிறது" என்றால் கடன் பாக்கி இருக்கிறது என்று பொருள், எவ்வளவு என்று அந்த வங்கியிடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள்.

சங்கிலி அறுவது பெரும்பாலும் குடும்பத்துக்குள்தான். தாத்தா இறந்து சொத்து பிள்ளைகளுக்கு வந்திருக்கும், ஒரு மகள் வெளியூரில் இருப்பார், அவர் கையெழுத்து மட்டும் இருக்காது. விற்பவர் "அவங்க ஒன்றும் சொல்ல மாட்டாங்க" என்று மனதாரச் சொல்வார். சில வருடம் கழித்து அந்த மகளின் பிள்ளைகள் வந்து கேட்கும்போது நியாயம் அவர்கள் பக்கம் இருக்கும், பணம் கொடுத்த நீங்கள் நீதிமன்ற வராந்தாவில் நிற்பீர்கள். ஆகவே வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், மைனர் இருந்தால் சட்டம் கேட்கும் அனுமதி வேண்டும். உரிமையாளருக்குப் பதிலாக வேறொருவர் அதிகாரப் பத்திரம் வைத்துக்கொண்டு விற்கிறார் என்றால், உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா, அந்த அதிகாரம் இன்றும் செல்லுமா, விற்கும் உரிமை அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், முடிந்தால் அவரிடமே நேரில் பேசிவிடுங்கள்.

வில்லங்கம் என்றால் அடமானம் மட்டும் இல்லை. நீதிமன்றத் தடை, வரி பாக்கி, சாலை விரிவாக்கத்துக்குக் குறித்த நிலம், பக்கத்துக்காரருக்கு நடைபாதை உரிமை, காலி செய்யாத வாடகைதாரர், இதெல்லாமும் வீட்டோடு சேர்ந்து உங்களுக்கு வரும். முக்கியமாக, பெரிய சாலையிலிருந்து வாசல் வரைக்கும் வருகிற வழி யாருடையது? அது ஒரு தனியாருடைய நிலமாக இருந்து, எழுத்தில் உரிமை இல்லையென்றால், ஒரு சண்டையில் உங்கள் வீட்டுக்கு வழியே இல்லாமல் போய்விடும். சர்வேயரை வைத்து அளந்து, பத்திரத்தில் இருக்கிற நீள அகலமும் நிலத்தில் இருப்பதும் ஒன்றா, மதில் யார் எல்லைக்குள் நிற்கிறது என்று பாருங்கள். அப்புறம் கட்டட அனுமதி: இரண்டு தளத்துக்கு அனுமதி வாங்கி மூன்று கட்டியிருந்தால், இடிப்பு நோட்டீஸ் வரும் நாளில் முகவரி உங்களுடையது.

வக்கீலும் உங்கள் ஆளாக இருக்க வேண்டும். விற்பவரின் வக்கீலே இருவருக்கும் பார்த்துவிடுவார், செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை வாங்குவதானால்

இதில் பார்ப்பதற்குச் சுவரே இல்லை, ஆகவே கட்டுகிறவரைத்தான் பார்க்க வேண்டும். அவர் முன்பு முடித்துக் கொடுத்த கட்டடங்களில், ஐந்து வருடமாவது ஆனது எதற்காவது போய், குடியிருப்பவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: சொன்ன தேதிக்குக் கொடுத்தாரா, கூப்பிட்டால் வந்து பழுது பார்த்தாரா. மாதிரி வீட்டைப் பார்த்து மயங்காதீர்கள். அங்கே கட்டில் வழக்கத்தைவிடச் சின்னதாக இருக்கலாம், கதவே இல்லாமல் இருக்கலாம், இடம் பெரிதாகத் தெரிய அது போதும். ஒப்பந்தத்தில் பணம் கட்டுவது தேதிக்கணக்கில் இருக்கக் கூடாது, அஸ்திவாரம், தளம், பூச்சு என்று வேலை முடிந்த கணக்கில் இருக்க வேண்டும். தாமதமானால் உங்களுக்கு என்ன கிடைக்கும், திட்டமே நின்றால் கட்டிய பணம் எங்கே பத்திரமாக இருக்கும் என்பது எழுத்தில் இல்லாவிட்டால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்ட வேண்டிய மாதங்களையும் கணக்கில் போடுங்கள்.

விலை பேசும்போதும் முன்பணம் கொடுக்கும்போதும்

"காலையில் இன்னொருத்தர் வந்து பார்த்துவிட்டுப் போனார், இன்றைக்கே டோக்கன் போட்டால் உங்களுக்கு." இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வீடு வாங்கியவர்கள் அபூர்வம். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். உண்மையாகவே இருந்தாலும் உங்கள் பதில் ஒன்றுதான்: பரிசோதனையும் பத்திரமும் முடிந்ததும் கொடுக்கிறேன். பலர் போட்டி போடும் இடத்தில் ஜெயிப்பவர் பெரும்பாலும் மதிப்பை எல்லோரையும்விட அதிகமாகக் கணக்குப் போட்டவராகத்தான் இருப்பார். ஆகவே போட்டிக்குள் போகும் முன்பு, இதற்கு மேல் ஒரு காசுகூட இல்லை என்று ஒரு எண்ணைத் தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அதைத் தாண்ட வேண்டும் என்று தோன்றினால் வீட்டுக்கு வந்து, தாளை எடுத்து, ஒரு இரவு தூங்கிய பிறகு தாண்டுங்கள்.

குறைகளைச் சொல்லிக் குறைக்கக் கேளுங்கள், கெஞ்சிக் கேட்காதீர்கள். "வயரிங் மாற்ற இவ்வளவு, கசிவு சரிசெய்ய இவ்வளவு" என்று எஞ்சினியர் எழுதிக் கொடுத்த தாளை மேசையில் வைத்தால் பேச்சு வேறு மாதிரி போகும், யாருக்கும் மனஸ்தாபமும் வராது.

முன்பண ஒப்பந்தத்தில் இவை இருக்க வேண்டும்: கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வரும், உரிமையில் குறை தெரிந்தால் திரும்ப வரும், எத்தனை நாளுக்குள் வரும். வீட்டோடு விட்டுப்போகும் சாமான்களையும் ஒவ்வொன்றாக எழுதுங்கள். மின்விசிறி, மோட்டார், தண்ணீர்த் தொட்டி, அலமாரி. நண்பர் ஒருவர் குடிபோன அன்று விளக்கு ஹோல்டர்கூட இல்லாமல் மெழுகுவர்த்தியில் உட்கார்ந்திருந்தார். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள், முடிந்தால் இரு தரப்புக்கும் பொதுவான மூன்றாம் கணக்கில் வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சமீப வருடங்களில் பல நாடுகளில் பெருகிவிட்ட மோசடி. வக்கீலிடமிருந்தோ விற்பவரிடமிருந்தோ வருவது போல மின்னஞ்சல் வரும், "கணக்கு எண் மாறிவிட்டது, இதில் போடுங்கள்" என்று. முகவரியில் ஒரே எழுத்து மாறியிருக்கும், சில சமயம் அதுகூட மாறியிருக்காது. பெரிய தொகை அனுப்பும் முன்பு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் போட்டு, கணக்கு எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். வந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள்.

பதிவுக்கு முந்தின நாளும் குடிபோகிற வாரமும்

பதிவுக்கு முந்தின நாள், வீடு காலியான பிறகு, இன்னொரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். சாமான் இருந்தபோது தெரியாத சுவர் இப்போதுதான் தெரியும். செய்து தருகிறேன் என்று சொன்ன வேலைகள் முடிந்தனவா, குழாயும் விளக்கும் அப்படியே இருக்கின்றனவா, யாராவது இன்னும் தங்கியிருக்கிறார்களா. மின்சார, தண்ணீர் மீட்டர்களைப் போட்டோ எடுத்து விற்பவருக்கும் அனுப்பிவிடுங்கள், பழைய பாக்கி யாருடையது என்ற சண்டை வராது. பத்திரத்தில் உங்கள் பெயர், அப்பா பெயர், நில எண், நான்கு எல்லை, அளவு ஆகியவற்றை விரல் வைத்து, எழுத்து எழுத்தாக, கையெழுத்துக்கு முன்னால் படியுங்கள். அவசரப்படுத்துவார்கள். படித்து முடியுங்கள். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த அப்புறம் பல நாள் அலைய வேண்டியிருக்கும்.

காப்பீடு சாவி வாங்குகிற அன்றே தொடங்க வேண்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அரசாங்கப் பதிவேடுகளில் பெயர் மாற்றுவதும் அப்படியே, பதிவு ஆனதோடு வேலை முடிந்துவிட்டது என்று வருடக்கணக்கில் விட்டுவிட்டு, விற்கப் போகும்போது விழிப்பவர்கள் ஏராளம்.

முதல் நாள் வாசல் பூட்டை மாற்றுங்கள், பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது விற்றவருக்கே தெரியாது. பிறகு, மொத்த வீட்டுக்கும் தண்ணீரை நிறுத்துகிற வால்வு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒரு தடவை மூடித் திறந்து பாருங்கள். வருடக்கணக்காகத் தொடாத வால்வு இறுகிப்போயிருக்கும். எங்கள் வீட்டில் அது இறுகியிருந்தது, பைப்பை உடைத்த அன்றுதான் தெரிந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க நான்கு பேர் வாளியோடு நின்றோம்.